தமிழ் வகுப்பறையும் பால்புதுமையர் கல்வியும்

பாலினம், பாலீர்ப்பு ஆகியவை பற்றிய சமூக விதிகளையும் அவற்றின் வரலாற்றையும் ஆராயும் துறை பால்புதுமையர் ஆய்வு எனப்படும். 1990களில் இது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. இது எழுப்பும் கேள்விகளோ தமிழ் மாணவருக்கு அறிமுகமானவை.

இலக்கணச் சான்று

பவணந்தி முனிவரின் நன்னூல் (13-ஆம் நூற்றாண்டு) பெயரியலில் இதற்கு ஒரு விதி உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால். பிறப்பைக் காட்டிலும் விருப்பத்தை முன்வைக்கும் விதி இது. ஆனால் அதே நூற்பா, இவ்விருவரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று முடிகிறது. மதிப்பும் இழிவும் ஒரே நூற்பாவில் உள்ளன.

பக்தி மரபு

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துப் பாடினார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். இவை பக்தி நிலைகள். இன்றைய அடையாளங்களோடு இவற்றை ஒன்றாக்குதல் பிழை. எனினும் ஆண் பெண்ணாகப் பேசும் குரலைத் தமிழ் மரபு தயங்காமல் ஏற்றுக்கொண்டது.

கற்ற நீதிபதி

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையர் 1968-இல் எழுதிய 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' விமர்சனக் கல்வியின் அடிப்படை நூல். ஆசிரியரும் கற்பவரே என்பது அதன் மையக் கருத்து. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு, 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தமக்கு முழுத் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் கற்ற பிறகே 7.6.2021 அன்று விரிவான ஆணை வழங்கினார். பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு ஏற்படுத்தவும் அந்த ஆணை வழிகாட்டியது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது.

பின்னடைவு

மாற்றம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. பாலினப் பன்மை கொண்ட மாணவர்களைப் பற்றி ஆசிரியர்களுக்காக 2021-இல் வெளியான தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம் பெண் தன்பாலுறவை இயற்கைக்கு மாறான குற்றங்களுள் மீண்டும் சேர்த்தது. கண்டனம் எழவே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. பாடத்திட்டத்தின் ஒரு வரி, வருங்கால மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் பார்வையையே தீர்மானித்துவிடும்.

நம் ஊர் வகுப்பறை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் இதைத் தொடங்கத் தனித்துறை தேவையில்லை. இளங்கலைத் தமிழில் நன்னூல் இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007) என்னும் தன்வரலாறும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, ஒருவரை 'வந்தாள்' என்பதா, 'வந்தது' என்பதா, அதை முடிவு செய்பவர் யார் என்று ஆசிரியர் கேட்கலாம். அது இலக்கண வினா. ஆனால் அதற்கான விடையைத் தன் வாழ்வுக்காகவே காத்துக் கேட்கும் மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் இருக்கக்கூடும்.