மழையில் அழுகும் பூச்சாடிச் செடிகள்: பெர்லைட்டுக்குப் பதிலாகக் குறைந்த செலவில் எதைச் சேர்க்கலாம்?

ஜொகூரில் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், ஐந்தடியிலும் அடுக்குமாடி வராந்தாவிலும் வளரும் கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, வெற்றிலைக்கு ஆபத்து வந்துவிடுகிறது. இலை பழுத்து உதிரும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள். அதற்குள் அடியில் வேர் அழுகியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் மண்தான். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. தோட்டப்புறங்களில் கிடைக்கும் செம்மண்ணில் களி அதிகம். நிலத்தில் அது நல்ல மண். ஜாடியில் அடைத்தால் நாளடைவில் இறுகிவிடும். பொந்தியான் பக்கம் அன்னாசிக்குப் பேர்போன தானா கம்புட் மண்ணோ புளிப்புத்தன்மை கொண்டது, நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதற்குத் தீர்வாகப் பெர்லைட்டும் பியூமிஸ் கல்லும் பரிந்துரைக்கப்படுகின்றன. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கடும் சூட்டில் பொரிய வைத்தது. சிறு பையாக வாங்கினால் பத்து ஜாடிக்குச் செலவு கூடிவிடும். ஆனால் அது மண்ணில் செய்யும் வேலை எளியது: துகள்களுக்கு இடையே காற்றுக்கு இடம் விடுவது. பச்சைப்பயறு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் உள்ள, எளிதில் மக்காத எந்தப் பொருளும் அந்த வேலையைச் செய்யும்.

மாற்றுப் பொருள்கள்

* உமிக்கரி: செடிக் கடைகளில் ‘செக்காம் பக்கார்’ என்று கேட்டால் கிடைக்கும். எடை குறைவு என்பதால் மாடி வீடுகளுக்கு ஏற்றது. கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலானால் காரத்தன்மை கூடும். ஒருமுறை கழுவிச் சேர்ப்பது நல்லது.

* செங்கல் சில்லு: உடைந்த பழைய செங்கல்லைச் சுத்தியலால் நொறுக்கலாம். சிமெண்டு ஒட்டியதைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்பு இலைகளை மஞ்சளாக்கும்.

* அடுப்புக்கரி: மரக்கரித் துண்டுகளை நனைத்து உடைத்தால் தூசி பறக்காது. பசை சேர்த்து அச்சில் வார்த்த கரி வேண்டாம்.

* செம்பனைக் கொட்டை ஓடு: தோட்டச் சாலைகளில் கொட்டப்படும் அதே ஓடுதான். மழையில் கிடந்து எண்ணெய்ப் பசை போன பழைய ஓட்டை அனுமதி கேட்டு எடுத்து, கழுவிப் பயன்படுத்தலாம்.

* தேங்காய் மட்டைத் துண்டு: இரவு முழுதும் ஊறவைத்து, பழுப்பு நீரைக் கொட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். தேங்காய் நார்த்தூள் வேறு. அது நீரைப் பிடித்து வைக்கும். பெர்லைட்டுக்கு மாற்று ஆகாது.

* ஆற்று மணல்: பரும்படியாக இருந்தால் மட்டுமே உதவும். மென்மணல் களிமண்ணோடு சேர்ந்து இறுகும். கடல் மணலில் உப்பு உண்டு, அறவே கூடாது.

எதைச் சேர்த்தாலும் பழைய கொசுவலைக் கம்பியில் சலித்துப் பொடியை நீக்க வேண்டும். பொடி தங்கினால் காற்றுக்கான இடம் மீண்டும் அடைபடும்.

கலவை அளவு

மலேசிய நாற்றுப் பண்ணைகளில் வழக்கமாக உள்ளது 3:2:1 கலவை. அதாவது மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. மழை நேரடியாக விழும் ஜாடிக்கு மேல்மண் 2, எரு 1, உமிக்கரி 1, செங்கல் சில்லு 1 என மாற்றிக்கொள்ளலாம். அடினியம், கற்றாழை போன்றவற்றுக்குப் பாதிக்கு மேல் சில்லும் கரியுமாக இருக்கலாம்.

கலவையை நிரப்பி, ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்க்கலாம். ஒரு நிமிடத்திற்கு மேலும் மேலே தேங்கினால் சில்லு போதவில்லை.

இரண்டு தவறுகள்

ஜாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்பது பலரின் நம்பிக்கை. மேலுள்ள மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகே நீர் கல்லுக்குள் இறங்கும். அதனால் ஈர அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. சில்லை அடியில் பரப்பாமல் மண் முழுவதும் கலப்பதே சரி.

இரண்டாவது, ஜாடிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகப் பறந்துவிடும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. மழைக்காலத்தில் தட்டை எடுத்துவிட்டு, ஜாடியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் வேருக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.