ஆயுதமின்றி நிற்பவனை எழுதுதல்

ஆயுதம் தாங்காத ஒருவனை ஆபத்தின்முன் நிறுத்திக் கதை எழுதுவது எளிதன்று. நம் மாணவர் கிராமச் சபைகளுக்கென எழுதும் நாடகங்களைத் திருத்துகையில் இதனை அடிக்கடி காண்கிறோம். அரிவாளோடு வருகிறவன்முன் ஊழியர் நிற்பார். அடுத்த வரியிலேயே அரிவாள் நழுவிவிடும், வந்தவன் கண்ணீர் சொரிவான். பார்ப்பவர் அஞ்சுவதற்கு நேரமே இராது. 1678இல் வெளிவந்த பனியனின் கதையில் கிறிஸ்தியானுக்குப் பட்டயமாவது இருந்தது. அது கைநழுவும் வேளையில் நம் உள்ளம் பதைக்கிறது. பட்டயமே இல்லாதவனுக்கு என்ன செய்வது?

இவ்வினாவுக்குக் கொங்கு மண்ணிலேயே பழையதொரு விடை உண்டு. சுந்தரர் விருந்துண்டதாகத் தலவரலாறு கூறும் விருந்தீசுவரர் கோயில் துடியலூரை அடுத்துள்ளது. அங்கிருந்து கிழக்கே சென்றால், அவிநாசிக்கு அப்பால் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொருளைச் சுமப்பவர் தலையில் ஏற்றிக்கொண்டு, கொடுங்கோளூரிலிருந்து திருவாரூருக்குத் திரும்பிய சுந்தரர் வழிப்பறிக்குள்ளானது இவ்விடத்தில் என்பர்.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு வடிவங்களில் கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை விரிவாகவே பாடினார். ஆயினும் வேடராய் வந்தோர் சிவபூதங்களே என்று அவர் முன்னரே சொல்லிவிடுகிறார். அவர்கள் சுமப்பவரை மிரட்டிப் பொருளைப் பறிக்கின்றனர், சுந்தரரையோ நெருங்குவதில்லை. பொருள் மீளும் என்பது தெரிந்துவிட்டபின் நாம் ஏன் அஞ்சவேண்டும்? அடியார்க்கு இறைவனின் விளையாட்டைக் காட்டுவதே அவர் நோக்கம். ஆகவே இதனை அவர்மேல் குறையாகச் சொல்வது முறையன்று. நம் மாணவரும் அதே வழியில்தான் செல்கின்றனர், சேக்கிழாரின் செய்யுள் வன்மை மட்டும் இல்லாமல்!

அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுந்தரரின் பதிகம் வேறு வகையானது. அதில் வேடர் வேடரே. வில்லைக் காட்டி வெருட்டுகின்றனர், கல்லால் எறிகின்றனர், மோதுகின்றனர், உடுத்த ஆடையையும் கவர்கின்றனர். பாடுகிறவரோ அவர்களிடம் கெஞ்சவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வூரில் கோயில் கொண்டவரை நோக்கியே கேட்கிறார்: எல்லையைக் காப்பதில்லை என்றால் நீர் இங்கு இருப்பது எதற்காக? பாடல்தோறும் இக்கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கையில் ஒன்றுமில்லாதவன், பொறுப்புள்ளவரைப் பதில் சொல்லும்படி மடக்குகிறான். அச்சமும் மறைக்கப்படவில்லை, கோபமும் மறைக்கப்படவில்லை. யோபுவின் புத்தகத்தைக் கற்பிக்கிற நமக்கு இக்குரல் அந்நியமானதன்று.

வாசகருக்கு முடிவு முன்னரே தெரிந்திருப்பதுதான் குறை என்று இதிலிருந்து முடிவுகட்டலாகாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாகப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. அவன் தோற்றத்தைக் கண்டு காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து அவர்கள் தயக்கத்தைக் கரைக்கிறான். தயக்கம் நீளும்வரை நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். பின்னர் குடிவெறியன் ஒருவன் வாளை வீசுகிறான். இவ்வளவு நேரமும் கோவலன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வருவதில்லை. அவனிடம் எவரும் கேட்கவுமில்லை. ஆயுதமற்றவனின் நிலையை இவ்வளவு குரூரமாகச் சொன்ன இடம் தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே.

அவனுக்குக் கிட்டாத பேச்சு கண்ணகிக்குக் கிட்டுகிறது. வாயிற்காவலன் அவளைக் கண்டு நடுங்கினாலும் அவள் கையிலிருப்பது ஒற்றைச் சிலம்பு மட்டுமே. அரசன் தன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து என்கிறான். அவள் தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, அரசன் வீழ்கிறான். அவள் வென்றாள் என்றாலும் கணவன் மீளவில்லை. ஆசிரியர் அந்த இழப்பை எதைக்கொண்டும் மூடவில்லை.

அந்நூலின் உரைபெறு கட்டுரை கொங்கு நாட்டையும் குறிப்பிடுகிறது. கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் அந்த நங்கைக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தனர் என்றும், அதன்பின் மழை தவறவில்லை என்றும் அது கூறுகிறது.