ஒத்த படகுகளின் சங்கம்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினுக்குத் தென்கிழக்கே ஏழெட்டு மைல் தொலைவிலுள்ள டன் லீரித் துறைமுகத்தில், கோடைகாலத்துப் புதன்கிழமை மாலைகள்தோறும், பதினான்கே கால் அடி நீளமுள்ள சிறு மரப் படகுகள் பாய் விரித்துப் பந்தயம் ஓடுகின்றன. அவற்றுள் சில, நூறு பிராயம் கடந்தவை. சில, அண்மையில் தச்சன் பட்டறையிலிருந்து இறங்கியவை. ஆயினும் நூறாண்டு முதிர்ந்த படகும் நேற்றைய படகும் ஒரே கோட்டில் நின்று ஒரே சைகைக்குப் புறப்பட்டு, எந்தச் சலுகையும் எந்தக் கழிவும் இன்றி, முன்னே வந்ததே வென்றதென்று தீர்ப்புப் பெறுகின்றன. இந்த எளிய நியாயத்தை நிலைநாட்டுவதற்காக 1887-ஆம் ஆண்டு தோன்றியதே வாட்டர் வாக் சங்கம். எல்லாப் படகும் ஒரே மாதிரியாக இருத்தல் வேண்டும் என்ற விதியோடு பிறந்த சிறு படகு வகைகளுள் உலகிலேயே இதுதான் மிகப் பழமையானது என்று கருதப்படுகிறது.

சங்கத்தின் சரித்திரத்தை அறிய விழைவோர் முதலில் அத்துறைமுகத்தின் சரித்திரத்தை அறிதல் வேண்டும். 1807-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், துருப்புகளை ஏற்றிச் சென்ற ராச்டேல், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்னும் இரு கப்பல்கள் டப்ளின் விரிகுடாவில் புயலில் அகப்பட்டுக் கரையோரப் பாறைகளில் மோதிச் சிதற, ஏறத்தாழ நானூறு உயிர்கள் கரைக்கு மிக அண்மையிலேயே மாண்டன. புயலில் தவிக்கும் கப்பல்கள் ஒதுங்க ஒரு புகலிடம் வேண்டும் என்று ஜனங்கள் எழுப்பிய குரலின் பயனாக, 1817-இல் அங்கே துறைமுகப் பணி தொடங்கியது. அருகிலுள்ள டால்கி மலையின் கருங்கல்லைப் பெயர்த்தெடுத்து இரண்டு நெடிய அலைதாங்கிச் சுவர்களை எழுப்பினர். 1821-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அங்கிருந்து கப்பலேறிய ஞாபகார்த்தமாக அவ்வூருக்குக் கிங்ஸ்டவுன் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1834-இல் டப்ளினிலிருந்து அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்ததும், நகரத்துப் பிரமுகர்களும் வக்கீல்களும் வைத்தியர்களும் வியாபாரிகளும் அக்கரையோரத்தில் மாளிகைகள் கட்டிக் குடியேறினர். ஆபத்துக்கு அஞ்சிக் கட்டிய நீர்நிலை, நாளடைவில் உல்லாசப் படகோட்டத்துக்குரிய தடாகமாயிற்று. ராயல் ஐரிஷ், ராயல் செயின்ட் ஜார்ஜ் முதலிய படகுக் கிளப்புகள் நீர்முகத்தில் தூண்கள் நிறைந்த கட்டடங்களை எழுப்பின.

அக்காலத்துப் படகுப் பந்தயத்தின் இயல்பையும் இங்கே சற்று நிதானித்துக் காண வேண்டும். வெவ்வேறு அளவுள்ள படகுகளை ஒரே பந்தயத்தில் ஓட விடுவதற்காக, ஒவ்வொரு படகின் நீள அகலங்களையும் அளந்து, அந்தக் கணக்கின்படி பெரிய படகு சிறிய படகுக்கு இத்தனை நிமிஷங்கள் விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது வழக்கம். நீதியை உத்தேசித்து ஏற்பட்ட இந்தக் கணக்கே அநீதிக்கு வாயிலாயிற்று. அகலத்தை மிகுதியாகத் தண்டித்த பழைய சூத்திரத்தை ஏமாற்றும் பொருட்டு, படகு நிர்மாணிகள் அகலத்தைக் குறைத்துக் குறைத்து, ஆழத்தையும் ஈயப் பாரத்தையும் கூட்டிக் கூட்டி, பலகையை விளிம்பில் நிறுத்தினாற்போன்ற விபரீத உருவங்களைக் கட்டலாயினர். 1886-இல் பிரிட்டிஷ் படகுப் பந்தயச் சபை அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டு, நீர்மட்ட நீளத்தையும் பாயின் பரப்பையும் ஆதாரமாகக் கொண்ட வேறொரு சூத்திரத்தை ஏற்றது. ஆனால் எந்தச் சூத்திரம் வந்தாலும் அதன் இடுக்குகளைத் தேடும் புத்தியும், அந்தப் புத்திக்குக் கூலி கொடுக்கும் திரவியமும் உள்ளவன், ஆண்டுக்கொரு புதுப்படகு கட்டி வென்றான். ஏனையோரின் நல்ல படகுகள் ஒரே பருவத்தில் பயனற்றவையாயின. ஓட்டுபவனுடைய சாமர்த்தியம் எங்கே முடிகிறது, வாங்குபவனுடைய பணப்பை எங்கே தொடங்குகிறது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாத நிலை நேர்ந்தது.

அந்த 1886-ஆம் ஆண்டிலேயே, கிங்ஸ்டவுனுக்குத் தெற்கே ஷாங்கில் என்னும் கடற்கரை ஊரில், தாமஸ் மிடில்டன் என்பவர் தம் தோழர்களிடம் ஒரு யோசனையை வைத்தார். எல்லாரும் ஒரே மாதிரியான படகைக் கட்டிக் கொள்வோம். அது கைத்துடுப்பாலும் தள்ளக்கூடிய இலேசான படகாக இருக்கட்டும். உடற்கூடும் பாயும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். விலையும் மிதமாக இருக்கட்டும். பின்னர் நாம் சமமாகப் பந்தயம் ஓடலாம் என்பதே அந்த யோசனையின் சாரம். அளவுகளை அளந்து நீதி காண்பதற்குப் பதிலாக, அளவு வேற்றுமையையே ஒழித்துவிட்டால் கணக்குக்கு வேலையில்லை அல்லவா? பெரிய மேதைகள் சூத்திரங்களில் தேடிக் காணாத நியாயத்தை, ஒரு கடற்கரைக் கிராமத்துப் படகோட்டி இவ்வாறு ஒரு சுயக்கட்டுப்பாட்டில் கண்டார். மறு ஆண்டிலேயே சங்கம் ஸ்தாபிதமாயிற்று.

முதன்முதல் ஏற்பட்ட வாட்டர் வாக் படகு பதின்மூன்று அடி நீளமுள்ளது. முன்னும் பின்னும் கூராக முடிவது. ஷாங்கிலில் துறைமுகமில்லை, சரளைக் கற்கள் நிறைந்த திறந்த கரையிலிருந்தே படகை அலைக்குள் தள்ளவும், திரும்பிய பின் கரைமேல் இழுத்தேற்றவும் வேண்டியிருந்தது. அதற்கு இருபுறமும் கூரான உருவமே உகந்ததாயிற்று. ஆனால் அடிப்பாகத்தில் ஆழமான தகடில்லாத படகு காற்றுக்கு எதிராக முன்னேறாது. தகடு நிலையாக இருந்தாலோ கரையேறாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, கொதிகலன் செய்யப் பயன்படும் இரும்புத் தகட்டினால் ஆன நடுப்பலகை ஒன்றைப் படகின் நடுவே ஒரு பெட்டிக்குள் அமைத்து, கடலில் இறக்கவும் கரையில் தூக்கவும் வழி செய்தனர். சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுவதற்கு அதில் இடமுமில்லை, அவசியமுமில்லை. உடைமையாளனே சுக்கானைப் பிடித்து, தன் கையாலேயே பாயிழுத்துத் தன் தவற்றுக்குத் தானே பொறுப்பேற்றான்.

நாளடைவில் ஆட்டத்தின் களம் ஷாங்கிலின் திறந்த கரையிலிருந்து கிங்ஸ்டவுனின் அமைதியான நீர்ப்பரப்புக்கு மாறிற்று. அங்கே கூர்மையான பின்புறத்துக்கு இருந்த அவசியம் குறைந்தது. சற்றே பெரிய படகு வேண்டுமென்ற விருப்பமும் உறுப்பினரிடையே தலைதூக்கிற்று. 1900-ஆம் ஆண்டில் சங்கம் ஒரு புதிய வடிவத்தை ஏற்றது. பதினான்கே கால் அடி நீளமும் தட்டையான பின்புறமும் உடைய அந்தப் படகை வரைந்தவர், கிங்ஸ்டவுன் படகு நிர்மாணி ஜே. ஈ. டாயிலின் புதல்வி மேமி டாயில். ஸ்திரீகள் பந்தயப் படகுகளைத் திட்டமிடுவது கேள்விப்படாத அந்தக் காலத்தில், ஓர் இளம்பெண்ணின் கையால் எழுந்த கோடுகளே இன்றளவும் அத்துறைமுகத்தில் மாறாமல் மிதக்கின்றன என்பது பெருமிதத்தோடு நினைவுகூரத் தக்கது. மாறாமை என்ற விரதத்தைப் பூண்ட சங்கமே, தன் படகு முழுவதையும் ஒருமுறை மாற்றிற்று. ஆனால் ஒருவன் இரகசியமாகச் செய்த மாற்றமல்ல அது, எல்லாரும் கூடிச் சம்மதித்த மாற்றம். தனியொருவன் ஆதாயத்துக்காக விதியை வளைப்பதற்கும், சபை கூடி விதியைத் திருத்துவதற்கும் உள்ள பேதத்தை இந்தச் சிறு சங்கம் தன் பதின்மூன்றாம் வயதிலேயே உணர்ந்திருந்தது.

ஒரே மாதிரியான படகு என்று விதி எழுதுவது எளிது. அதைக் காப்பது அரிது. மரம் இயற்கையின் பொருள். ஒரு மரத்தின் பலகை மற்றொன்றைவிடக் கனக்கும். விளிம்பின்மேல் விளிம்பு படியப் பலகைகளை அடுக்கி ஆணியறைந்து கட்டும் முறையில், தச்சனுக்குத் தச்சன் கைவாகு வேறுபடும். பாய் தைப்பவன் அரை விரற்கடை வளைவு கூட்டினாலும் வேகம் மாறும். ஆகவேதான் இத்தகைய ஒவ்வொரு சங்கத்திலும், அளவுகோலும் அச்சுப் பலகையும் எடைத் தராசும் ஏந்திய அளவையாளர் ஒருவர் இன்றியமையாதவராகிறார். புதுப்படகு நீரில் இறங்குமுன் அதன் நீளம், அகலம், எடை, பாய்மரத்தின் உயரம், பாயின் பரப்பு ஆகியவற்றை அவர் சரிபார்க்கிறார். குறை கண்டால், அதன் சொந்தக்காரர் தம் நெருங்கிய நண்பராயினும், முகத்துக்கு நேரே சொல்லிவிட அவர் கடமைப்பட்டவர்.

அவருக்கு அடுத்தபடியாக வருபவர் கௌரவ காரியதரிசி. பந்தய நாட்களைக் குறித்து அட்டவணை தயாரிப்பது, சந்தாத் தொகையை நினைவூட்டுவது, பாய்களுக்கு எண் வழங்குவது, படகு விற்கவும் வாங்கவும் விரும்புவோரை இணைப்பது, வருஷாந்தரக் கூட்டத்தில் எழும் வாக்குவாதங்களை நடவடிக்கைக் குறிப்பில் பாரபட்சமின்றிப் பதிவது, படகின்றி வரும் புதியவருக்கு ஓர் இருக்கை தேடித் தருவது ஆகிய அனைத்தும் அவர் தலையிலேயே விழும். ஊதியமில்லை, பரிசுக் கோப்பையில் அவர் பெயர் பொறிக்கப்படுவதுமில்லை. பருத்திப் பாய்க்குப் பதிலாகச் செயற்கை நூலில் நெய்த பாய் வந்தபோதும், புதிய பசைகளும் பூச்சுகளும் வந்தபோதும், எதை அனுமதித்தால் படகு பிழைக்கும், எதை அனுமதித்தால் சமத்துவம் சாகும் என்று கலந்தாலோசித்து முடிவு செய்தவர்கள் இத்தகையோரே. எல்லாப் புதுமையையும் மறுத்த சங்கங்கள் ஆளின்றி அழிந்தன. எல்லாவற்றையும் ஏற்ற சங்கங்கள் மீண்டும் பணப்போட்டியில் வீழ்ந்தன. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் ஒடுங்கிய நெறியே இப்பணியின் சாரம்.

இச்சங்கத்தின் ஆயுட்காலத்தில் அயர்லாந்து பெரும் பிரளயங்களைக் கண்டது. முதலாம் உலக யுத்தம், 1916-ஆம் ஆண்டின் ஈஸ்டர் எழுச்சி, சுதந்திரப் போர், உள்நாட்டுப் போர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மன்னரின் பெயரால் வழங்கிய கிங்ஸ்டவுன், 1920-ஆம் ஆண்டையொட்டித் தன் பழைய ஐரிஷ் பெயரை மீட்டு டன் லீரி ஆயிற்று. ஆட்சி மாறியும் படகு மாறவில்லை. ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்வதானால், ஆரம்ப காலத்து வாட்டர் வாக் சமத்துவம் ஓரளவு வசதி படைத்தோருக்குள் நிலவிய சமத்துவமே. டால்கியின் மீனவனும் அந்தக் கருங்கல்லைச் சுமந்த கூலியாளின் பேரனும் அந்தச் சபையில் அமரவில்லை. எனினும் ஒரு கொள்கையின் பெருமை, அது பிறந்த வீட்டின் வாசலோடு நின்றுவிடுவதில்லை.

வடக்கே ஹௌத் துறைமுகத்தில், ஹெர்பர்ட் பாய்ட் வரைந்த பதினேழு அடி வகைப் படகுகள் 1898-இல் இதே கொள்கையோடு ஓடத் தொடங்கின. அவையும் இன்றுவரை ஓடுகின்றன. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், 1911-இல் பிறந்த ஸ்டார் படகுக்கு 1922-இல் ஒரு சர்வதேசச் சங்கம் ஏற்பட்டு, தேசந்தோறும் கிளைகள் விட்டது. 1931-இல் வில்லியம் கிராஸ்பி ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட ஸ்னைப் படகின் வரைபடத்தைப் பார்த்துச் சாமானியர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டினர். மறு ஆண்டே அதற்கும் சங்கம் தோன்றிற்று. 1947-இல் புளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில், கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்கென்று சாதாரண ஒட்டுப்பலகையால் வடித்த ஆப்டிமிஸ்ட், உலகெங்கும் குழந்தைகளின் முதற்படகாயிற்று. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய படகுக் கிளப்பின் தாயகமாகிய சென்னைத் துறைமுகத்திலும், இந்த ஆப்டிமிஸ்ட் படகுகளில் நம் சிறுவர் சிறுமியர் காற்றைப் படிக்கக் கற்கின்றனர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், படகோட்டத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக டோக்கியோவில் போட்டியிட்டதும், எல்லாருக்கும் ஒரே வார்ப்பில் அமைந்த லேசர் ரேடியல் படகில்தான். செல்வ தேசத்து வீராங்கனைக்கும் நம் நாட்டுப் பெண்ணுக்கும் ஒரே படகு என்ற நியாயம், ஷாங்கில் கரையில் மிடில்டன் கண்ட நியாயத்தின் வாரிசேயாகும்.

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வென்றவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு திருப்தியடைகிறார்கள். வெற்றிக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், தோற்றவனுக்கும் வெல்லும் வாய்ப்பு மெய்யாகவே இருந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பைப் பருவந்தோறும் புதுப்பித்துக் காப்பவை இத்தகைய சங்கங்களே. தன்னால் வாங்கக்கூடிய அனுகூலத்தை, சக மனிதனோடு நேர்மையாகப் போட்டியிடும் இன்பத்துக்காக வேண்டாமென்று மறுப்பது சிறிய தியாகமன்று. அந்தத் தியாகத்தை ஒரு நாள் மட்டும் அல்ல, தலைமுறை தலைமுறையாக நூறாண்டுக்கும் மேலாகச் செய்து வருவது அரிதினும் அரிது. ஆகையால், எந்த ஊரில் எந்தத் துறையில் இப்படிப்பட்ட சிறு சங்கம் ஒன்று இயங்கினாலும், அதன் கணக்குப் புத்தகத்தையும் அளவுகோலையும் ஏந்தி நிற்பவர்களுக்கு, கோப்பை வென்றவர்களுக்கு அளிக்கும் மரியாதையில் ஒரு சிறிதும் குறையாத மரியாதையை நாம் அளித்தல் வேண்டும்.