நாஷ்டா

நாஷ்டா (பெயர்ச்சொல்): காலைச் சிற்றுண்டி. பேச்சில் ‘நாஸ்தா’ என்றும் ஒலிக்கும்.

மூலம் பாரசீகம். அங்கே ‘நாஷ்தா’ என்றால் காலையிலிருந்து எதுவும் உண்ணாத வெறும் வயிற்று நிலை. அந்த வெறுமையைப் போக்கும் முதல் உணவுக்கு உருதுவிலும் இந்தியிலும் அச்சொல்லே பெயராயிற்று. 1768-இல் ஆற்காட்டு நவாபுக்குச் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்த நகரம் சென்னை. உருது பேசுவோர் பலர் வாழும் இவ்வூரில், ‘பேஜார்’ போலவே இதுவும் தெருத் தமிழாகிவிட்டது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இச்சொல்லின் பழைய பொருளும் பொருந்தும். விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு உழைத்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். இட்லி, பூரி, வடகறி, ஆப்பம், பாயா எதுவானாலும் அது நாஷ்டாதான். ‘டிபன்’ மாலையிலும் உண்டு. நாஷ்டா காலைக்கே உரியது.

வழக்கு: “இன்னா நைனா, நாஷ்டா துன்னியா?”

‘நைனா’ தெலுங்கு, ‘துன்னு’ தமிழ்த் ‘தின்’னின் சென்னை வடிவம். கொச்சை என்று இதை ஒதுக்குவது அநியாயம். பல மொழி பேசும் உழைப்பாளிகள் அன்போடு பசி விசாரிக்கும் சொல் இது. தமிழ் அகராதியில் பெருமையோடு இடம்பெறத் தக்கது.