டிஜிட்டல் பியானோவும் நம்ம ஊர் ஈரக்காற்றும்



பிள்ளைகளுக்கு டிஜிட்டல் பியானோ வாங்கிக் கொடுத்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், ரெண்டு வருஷம்கூட ஆகல, சில கட்டைகள் பேசவே மாட்டேங்குது, சிலது தொட்டாலே அலறுது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாமா?" இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அதுவும் 1842-லிருந்து ஆரம்பித்து.

அந்த வருடம்தான் மவுண்ட் ரோட்டில் மிஸ்குவித் கம்பெனி தொடங்கியது. இன்று நாம் மியூஸி மியூசிகல் என்று சொல்லும் கடை அதன் தொடர்ச்சிதான். அதே 1842-ல் பாரிஸில் தெபேன் என்பவர் ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலில் வந்த பியானோக்களுக்குச் சென்னைக் காற்று ஒத்துக்கொள்ளவே இல்லை. மரம் உப்பும், பசை விடும், கம்பி துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். ஸ்ருதி சேர்க்க ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் பியானோ பெரிய பங்களாக்களோடும் மாதா கோயில்களோடும் நின்றுவிட்டது. நம் ஜனங்களிடம் வந்து சேர்ந்தது ஹார்மோனியம். அதன் நாக்குகள் பித்தளை. இரும்புக் கம்பி மாதிரி துருப்பிடிக்காது, ஸ்ருதியும் சுலபத்தில் இறங்காது. நாடகக் கொட்டகைகளை அது எப்படி ஆண்டது என்று உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. கமகம் வராது, பன்னிரண்டு ஸ்வரமும் ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்பது முக்கியமான புகார். 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடைக்காலத்திலும் நம் பாகவதர்கள் "நாலு கட்டை, அஞ்சு கட்டை" என்றுதான் ஸ்ருதி சொன்னார்கள். அந்தக் கட்டை ஹார்மோனியக் கட்டைதானே!

பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1980-ல் காசியோ வீட்டுக் கீபோர்டு, 1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்7, அதே வருடம் எல்லாக் கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச 'மிடி' என்ற பொது ஏற்பாடு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டியில் வந்தவை எத்தனையோ. இப்போது யமஹாவுக்குச் சென்னைப் பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது, 2019-லிருந்து. கம்பி இல்லை, ஆகவே ஸ்ருதி சேர்க்கும் வேலையும் இல்லை. ஈரத்தின் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம். அது ஒழியவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதில் இரண்டு கரிப்பொட்டுகள். கட்டையை அமுக்கினால் முதல் பொட்டு முதலிலும் இரண்டாவது சற்றுப் பின்னாலும் கீழே உள்ள பலகையைத் தொடும். அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. இடைவெளி குறைந்தால் வேகமாக அடித்திருக்கிறாய் என்று எண்ணிச் சத்தத்தைக் கூட்டும். அங்கே தூசியும் ஈரமும் படிந்து ஒரு பொட்டு சரியாகத் தொடாவிட்டால் கணக்கே தப்பிவிடும். அப்போதுதான் ஊமை, அல்லது அலறல். கருவி செத்துவிடவில்லை! விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். கரிப்பொட்டை உப்புத்தாளால் தேய்ப்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று மின்சாரம். தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. வீட்டு வோல்டேஜ்தான் இன்னும் சில தெருக்களில் ஊஞ்சலாடுகிறது. பியானோ எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்று வாங்கினால் வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, முனையின் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும். கடைசி விஷயத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதியை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. என் உறவினர் வீட்டில் கீபோர்டு இரவு முழுக்கச் சேற்றில் கிடந்தது. அந்தப் பெண் குழந்தை நாற்காலியையோ டிவியையோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். அவள் அப்பா கரண்ட் வந்தும் அதைத் தொடவில்லை. திறந்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, மின்விசிறிக் காற்றில் பத்து நாளுக்கு மேல் காயவைத்த பிறகே சொருகினார். மூன்று கட்டைகள் தவிர எல்லாம் பேசின. அடுத்த வீட்டில் "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று அன்றைக்கே சுவிட்சைப் போட்டார்கள். டப்! ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் பலகையில் உள்ள மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். வெறும் தண்ணீர் அவ்வளவு வேகமாகக் கெடுக்காது.

மற்றபடி உங்கள் போன்களில் பாதி பொய் ஜுரம். சத்தமே இல்லையா, ஹெட்போன் முனை சொருகியே இருக்கிறதா பாருங்கள். பாட்டு எல்லாம் வேறு ஸ்ருதியில் கேட்கிறதா, குழந்தை 'டிரான்ஸ்போஸ்' பொத்தானை அமுக்கியிருக்கும். பெடல் தலைகீழாக வேலை செய்கிறதா, காலை அதன்மேல் வைத்துக்கொண்டே சுவிட்ச் போட்டிருப்பீர்கள். காலை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி போடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பியானோவை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி வையுங்கள். இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.