கயிறும் மனிதனும்



சரித்திரம் என்றாலே அரசர்கள், போர்கள், கோட்டைகள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். நம் வீட்டு மூலையில் தொங்கும் கயிற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தொட்டில் கட்டுவதும் கயிறு, பாடை கட்டுவதும் கயிறு. இடையில் கழுத்தில் ஏறும் மஞ்சள் சரடும் கயிறுதானே! மலாய் மொழியில் கயிற்றுக்குப் பெயரே ‘தாலி’ என்பது, கடையில் ‘தாலி ராஃபியா’ கேட்டு வாங்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

என் தகப்பனார் பால்மரம் சீவியவர். அவருடைய சைக்கிள் கேரியரில் இருபது முழக் கயிறு ஒன்று எப்போதும் சுருட்டியே இருக்கும். “எதுக்குப்பா தினமும் இது?” என்று ஒரு நாள் கேட்டேன். “கத்தி மறந்துட்டா பக்கத்து நிரையில இரவல் வாங்கிக்கலாம்டா. கயிறு வேணும்ங்கிற நேரத்துல யாருகிட்டயும் போய்க் கேக்க நேரம் இருக்காது” என்றார்.

அப்பா சொன்னது மனித குலத்தின் பழைய பாடம். பிரான்சு நாட்டில் ஒரு பாறை அடியில், 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கயிற்றுத் துணுக்கு ஒன்று கிடைத்ததாக 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அதன் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். மரப்பட்டை நாரில், மூன்று புரியாக முறுக்கியிருந்தார்கள். அதை முறுக்கியவர்கள் நமக்கும் முந்திய நியாண்டர்தால் மனிதர்கள்! 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த மனிதன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய அம்பறாத்தூணியிலும் சுருட்டி வைத்த கயிறு ஒன்று இருந்தது.

நம் தேங்காய் நாரின் பெருமை கடல் கடந்தது. ஆங்கிலேயர் ‘காயர்’ என்பது மலையாளத்துக் ‘கயர்’ தான். நம் ‘கயிறு’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அந்த நார்க்கயிற்றால் மரக்கலப் பலகைகளைத் தைத்ததை எழுதி வைத்திருக்கிறார். இந்த நார் உப்புத் தண்ணீரில் எளிதில் மக்காது.

பிறகு பெரிய கப்பல்களுக்கு மணிலா கயிறு வந்தது. அது பிலிப்பீன்ஸில் விளையும், வாழை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நார். 1942-இல் பிலிப்பீன்ஸ் ஜப்பானியர் வசமானதும் அமெரிக்கருக்கு அந்த நார் கிடைக்கவில்லை. பாராசூட்டுக்கு வேண்டிய ஜப்பான் பட்டும் முன்பே நின்றுவிட்டது. இங்கே நம் தாத்தா பாட்டிமார் துணிப் பஞ்சத்தில் சாக்கு உடுத்திய காலம் அது! அப்போது கைகொடுத்தது, 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் அமெரிக்காவில் உருவாக்கிய நைலான்.

வானிலிருந்து குதித்து இறங்கிய சிப்பாய்கள் பாராசூட்டின் கயிற்றை வீணாக்கவில்லை. அறுத்து எடுத்து, மூட்டை கட்டவும் கூடாரம் அடிக்கவும் வைத்துக்கொண்டார்கள். இன்று அந்த வகைக் கயிறு கடைகளில் விற்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அது 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவை தாங்கும். 1997-இல் விண்வெளிக்குப் போனவர்கள் ஹப்பிள் தொலைநோக்கியின் கிழிந்த போர்வையைச் சரிசெய்யவும் பாராசூட் கயிறு உதவியது.

இனி எங்கள் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், அடைமழை. பலகைப் பாலத்துக்கு மேலே செந்தண்ணீர் ஓடியது. பள்ளிவிட்டு வந்த சிறுமி ஒருத்தி வழுக்கி விழுந்து, கொஞ்ச தூரத்தில் ஒரு மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். அப்பா தண்ணீரில் இறங்கவில்லை. காலி பிளாஸ்டிக் டின்னின் மூடியை இறுக்கித் திருகி, கயிற்று நுனியில் கட்டி வீசினார். “டின்னைக் கட்டிப் புடிச்சுக்க தாயி, விடாதே!” மூன்றாவது வீச்சில் அவள் கைக்கு எட்டியது. ஆறு பேர் சேர்ந்து கரைக்கு இழுத்தார்கள். அந்தச் சிறுமி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வெள்ளத்தைப் பார்த்தோம். தோட்டத்தை விட்டு வந்தாலும் தண்ணீர் நம்மை விடவில்லை. ஆகவே, காரிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு நல்ல கயிறு வைத்திருங்கள். வெயிலில் கிடந்து நைந்த கயிற்றை நம்பாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் குறையும் என்பதால், மெல்லிய கயிற்றில் ஆள் தொங்கக் கூடாது. பிள்ளைகளே, கயிற்றைக் கழுத்தில் மாட்டி விளையாடாதீர்கள். வெள்ளத்தில் யாரேனும் தவித்தால் நீங்கள் இறங்காதீர்கள். பெரியவர்களைக் கூவி அழையுங்கள்.

தனி நார் பிள்ளை கைக்கும் அறுந்துவிடும். புரி சேர்ந்தால் மரக்கலத்தையே கட்டி நிறுத்தும். அன்று கரையில் சேர்ந்து இழுத்த ஆறு பேரும் அப்படித்தான். நம் பள்ளியும் பெற்றோரும் அப்படி ஒரே கயிறாய் முறுக்கேறி நிற்போமாக!