அநாதி உலகமும் தொடக்கமுள்ள உலகமும்: பாரிஸில் விசுவாசமும் பகுத்தறிவும் (1210–1325)

இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையில் விசுவாசத்துக்கும் பகுத்தறிவுக்கும் இருந்த உறவை ஓயாத போர் என்பாரும் உண்டு, குலையாத இணக்கம் என்பாரும் உண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வரலாறு இரண்டுக்குமே இடம் தரவில்லை. உலகம் அநாதியா, அதற்குத் தொடக்கம் உண்டா என்ற ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தாலே இது தெளிவாகும்.

11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம், தாம் விசுவசித்ததை விளங்கிக்கொள்ளவே பகுத்தறிவை நாடினார். அன்று அவர் கையில் இருந்த மெய்யியல் பெரும்பாலும் தருக்கம்தான். 12ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்கள் அரபியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனுக்கு வந்தன. அவற்றுக்கு அரபு மெய்யியலாளர் இப்னு ருஷ்த் எழுதிய உரைகள் பின்தொடர்ந்தன. இயக்கத்துக்குத் தொடக்கமே இல்லை என்றார் அரிஸ்டாட்டில். விவிலியத் தொடக்கநூலின் படைப்பு வரலாற்றோடு இது நேரே மோதியது.

1210இல் பாரிஸில் கூடிய ஆயர் மன்றம் அரிஸ்டாட்டிலின் அந்த இயற்கை நூல்களைப் பாடம் நடத்தத் தடை விதித்தது. 1215இல் தடை புதுப்பிக்கப்பட்டது. 1231இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, பிழை களைந்த பிறகு கற்பிக்கலாம் என்று குழு அமைத்தார். அதனால் பலன் விளையவில்லை. 1255இல் கலைப்புலம் அவற்றைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

உண்மையான விவாதம் அதன்பிறகே சூடுபிடித்தது. உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்பதைப் பகுத்தறிவாலேயே நிறுவலாம் என்றார் பிரான்சிஸ்கன் துறவி பொனவெந்தூரா: எல்லையற்ற நாள்கள் கடந்துதான் இன்று வரவேண்டுமானால், இன்று வந்தே இருக்காது. தாமஸ் அக்குவினாஸ் இதை ஏற்கவில்லை. கடந்த காலத்தில் எந்த நாளைக் குறித்தாலும், அதிலிருந்து இன்றுவரை உள்ள நாள்கள் எல்லைக்குட்பட்டவையே என்பது அவர் விடை. படைக்கப்படுதல் என்பது இருப்புக்காக இறைவனைச் சார்ந்திருத்தல். ஆகவே அநாதியான உலகமும் படைக்கப்பட்டதாக இருக்க முடியும். அதற்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் மட்டுமே அறிகிறோம். வலுவற்ற வாதங்களால் அதை நிறுவப் புகுந்தால் விசுவசியாதவர் நகைக்க இடமாகும் என்றும் அவர் எச்சரித்தார். யூத அறிஞர் மைமோனிடஸ் ஏற்கெனவே இதற்கு நெருங்கிய முடிவுக்கு வந்திருந்தார். என் கணிப்பில் 13ஆம் நூற்றாண்டின் ஆழமான திருப்பம் தாமஸின் இந்த நிலைப்பாடே. தம் விசுவாசத்துக்குச் சாதகமான வாதத்தையும் தருக்கப் பிழைக்காக ஒருவர் ஒதுக்கினார். அறிவின் நேர்மைக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அக்காலத்தில் காணவில்லை.

கலைப்புல ஆசிரியர் பிரபாந்தின் சிஜர், மெய்யியலாரின் முடிவுகளை அவர்கள் வழியிலேயே விளக்குவது தம் பணி என்று கருதினார். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உண்மைகள் உண்டென்று அவர் கற்பித்ததாகப் பலகாலம் சொல்லப்பட்டது. அவர் நூல்களில் அக்கொள்கை இல்லை. முரண் எழும் இடத்தில் விசுவாசமே உண்மை என்றுதான் எழுதினார். ஆனாலும் பாரிஸ் ஆயர் எட்டியென் தாம்பியே, அத்தகைய முடிவுகள் அடங்கிய 13 கூற்றுகளை 1270இலும், 219 கூற்றுகளை 1277 மார்ச் 7 அன்றும் கண்டித்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் தாமஸ் இறந்திருந்தார்; அவருடைய போதனையையும் 1277ஆம் ஆண்டுக் கண்டனம் தொட்டது.

கண்டனத்தின் விளைவை ஒற்றை வரியில் அடக்க முடியாது. இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்ற கூற்றும் அப்பட்டியலில் இருந்தது. அதைக் கண்டித்ததால், அரிஸ்டாட்டில் முடியாதென்று ஒதுக்கியவற்றைச் சிந்தித்துப் பார்க்க வழி பிறந்தது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் பல உலகங்கள் பற்றி விரிவாக ஆராய்ந்தார். இதையே நவீன அறிவியலின் பிறப்பென்று அறிவியல் வரலாற்றாசிரியர் பியர் துயெம் சொன்னது மிகை. தொடர்பே இல்லையென்று தள்ளுவதும் சரியல்ல.

1323இல் தாமஸ் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1325இல் பாரிஸ் ஆயர், அவருடைய போதனையைத் தொட்ட அளவுக்கு மட்டும் 1277ஆம் ஆண்டுக் கண்டனத்தை நீக்கினார்.